நான்கு நிமிடம் பதினைந்து நொடி

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். இந்த முறை கேட்கப் போவதில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். எனக்குத்தான் திடீரென்று மீசை முளைத்திருக்கிறது.

புரியவில்லையா? சொல்கிறேன். திங்கட்கிழமை காலையில் உன் கல்லூரி மாணவன் ஒருவன், விடுமுறைக்கு வந்தவன், நம் லாண்டரியில் ஒரு கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து போட்டான். வேலைக்கு இன்டர்வியூவாம், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். பை பார்க்காமல் எந்தத் துணியையும் நான் உள்ளே அனுப்பமாட்டேன். வெளிப்பையில் பேனா மூடியும் பஸ் டிக்கெட்டும் இருந்தன. உள்பையில் நாலாக மடித்த நாலு தாள். எடுத்து நீட்டினேன். "அது கிளாஸ்ல குடுத்த பழைய பேப்பர் ஆன்ட்டி, தூக்கிப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் ஏதாவது கணக்குப் போட உதவுமே என்று பிரித்தேன்.

"தேங்கி நிற்கும் ஒரு சலவை நிலையம்" என்று தலைப்பு. எழுதியவர் என்று உன் பெயர், அதற்குப் பின்னால் வால் மாதிரி உன் பட்டங்கள்.

பச்சைக் கதவு, சரியாகச் சாத்தாத கண்ணாடி அலமாரி, பின்னறையில் இருமுகிற பாய்லர். ஒன்றுகூட விடவில்லை. எல்லாம் நம் கடை. முதலாளி மட்டும் யாரோ! "உரிமையாளர் ஐம்பத்தெட்டு வயது ஆண். அடர்ந்த மீசை. மாற்றத்தை எதிர்ப்பவர்." அடப்பாவி, மீசைதான் வைத்தாய், வயதிலும் நாலைக் கூட்ட வேண்டுமா? அப்புறம் இது: "ஒவ்வொரு துணியின் பையையும் தாமே சோதிக்கிறார். வருகிறவர்களிடம் குடும்பக் கதை பேசுகிறார். இதனால் ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரியாக நான்கு நிமிடம் பதினைந்து நொடி வீணாகிறது."

அந்த வீணாய்ப்போன நாலே கால் நிமிஷத்தில்தான் உன் குட்டு வெளிப்பட்டது. அதையும் எழுதிக்கொள்.

போன விடுமுறையில் இரண்டு நாள் கடை பெஞ்சில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இத்தனை வருஷம் கழித்துத் தம்பிக்கு அக்கா பக்கத்தில் உட்கார ஆசை வந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு. "உன் மாமா எனக்காகத்தான்டி வந்து உக்காந்திருக்கான்" என்று மகளிடம் பீற்றிக்கொண்டேன். மணிக்கொரு காபி வேறு போட்டுக் கொடுத்தேன். நீ உட்கார்ந்து நொடி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாய்.

கடைசிப் பக்கத்து ஓரத்தில் அந்த மாணவன் பென்சிலில் குறித்திருக்கிறான். "முதலாளியை மாற்று: 62. கடையை மூடு: 6. ஒன்றும் செய்யாதே: 2." எழுபது பேர் உட்கார்ந்து கை தூக்கி என்னைக் கடையை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்த இரண்டு பேர் யார்? அவர்களுக்கு என் அன்பைச் சொல்.

போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். போனில் நீ பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவாய், நானும் ம் கொட்டிக்கொண்டே இருப்பேன். சொல்வதை எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
மீசை வைத்த உன் அக்கா

பி.கு. அந்தக் கோட்டின் வலது கைமடிப்பில் மைக்கறை இருந்தது. எடுத்துவிட்டேன்.


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில், உன் உணர்வுகளை நான் முழுமையாக மதிக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். நீ கோபமாக இருக்கிறாய் என்பது எனக்குக் கேட்கிறது. அந்தக் கோபத்தோடு நானும் உடன் நிற்கிறேன்.

நீ பார்த்த தாள்கள் ஒரு கேஸ். கேஸ் என்பது ஒரு நிறுவனத்தின் உண்மைக் கதையை எழுதி, "நீங்கள் முதலாளியாக இருந்தால் என்ன செய்வீர்கள்" என்று வகுப்பில் விவாதிக்கும் முறை. அடையாளம் தெரியாதிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றுவது வழக்கம். மீசை அந்த வகையில் சேர்ந்தது.

இந்தச் சூழ்நிலையில் நாம் எதிரெதிர் பக்கத்தில் இல்லை அக்கா, ஒரே பக்கத்தில் இருக்கிறோம். கேஸ் கல்லூரியின் தொகுப்பில் அச்சாக வேண்டுமென்றால் உரிமையாளரின் சம்மதம் தேவை. படிவத்தை இணைத்திருக்கிறேன். கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

இம்மாதம் இருபதாம் தேதிக்குள் அனுப்பும் உரிமையாளர்களுக்கு முன்னுரையில் சிறப்பு நன்றி தெரிவிக்கப்படும் என்பதையும் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை எத்தனை பேர் சேர்ந்து எழுதினீர்கள்?

என் கோபத்தோடு உடன் நிற்கிறேன் என்று எழுதியவர் யாரோ நல்ல மனிதர், ஆனால் அவர் நீ இல்லை. நீ என் கோபத்தைக் கண்டால் மொட்டை மாடிக்கு ஓடுகிற ஆள். இரண்டாவது பத்தி நீ, கொட்டாவி வந்தது. ஒரே பக்கத்தில் இருக்கிறோம் என்று எழுதியவருக்குப் பேரம் பேசுவது தொழில். இருபதாம் தேதிக்குள் சிறப்பு நன்றி என்று எழுதியவர் எதையோ விற்கிறவர். இத்தனை மெத்தப் படித்தவர்கள் கூடிப் பேசியும் "தப்பு பண்ணிட்டேன்க்கா" என்று ஒரு வரி எழுத ஆள் கிடைக்கவில்லையா?

கையெழுத்துதானே வேண்டும்? போடுகிறேன். மூன்று திருத்தம் செய்து கொடு.

மீசையை எடு. கடையை நடத்துவது ஒரு பெண்பிள்ளை என்று எழுது. வயது ஐம்பத்து நாலு.

அப்புறம் அந்த நாலே கால் நிமிஷம். போன வருஷம் மட்டும் பைகளிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தவை: ஒரு பல்செட், இரண்டு பாஸ்போர்ட், ஒரு தோடு, மனைவிக்குத் தெரியக்கூடாத ஒரு கடிதம் (மனைவியிடம் கொடுக்கவில்லை), இதயத்துக்கான மாத்திரை. அந்த மாத்திரைக்காரர் டோக்கனை வாங்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார். மகள் ஓடிப்போய்க் கொடுத்தாள். குடும்பக் கதை பேசுவதால்தான் அது என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இதற்கெல்லாம் உன் கணக்கில் எத்தனை நொடி என்று போட்டுச் சொல்.

மூன்றாவதுதான் பெரியது. இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: "குடும்பத்தின் இளைய மகன் உயர்கல்வியின் பரந்த வாய்ப்புகளை நாடித் தொழிலிலிருந்து விலகினார்." யாருக்குக் காது குத்துகிறாய்? நீ விலகினாயா? அந்தப் பேங்க் மேனேஜர் கோட் கதையை எழுது. எழுதினால் கையெழுத்து, இல்லாவிட்டால் படிவத்தை மடித்து ஆடுகிற மேசைக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

தப்பு பண்ணிட்டேன்க்கா. போதுமா? இதை நானே எழுதினேன், யாரும் பக்கத்தில் இல்லை.

நீ சொன்னது சரிதான். நாங்கள் நாலு பேர் என் அறையில் கூடி எழுதியது. முதல் பத்தியை எழுதியவர் பணியிட மனித உறவுகளில் ஆராய்ச்சி செய்பவர். பக்கத்து அறைக்காரரோடு ஏழு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஒரே பக்கம் என்று எழுதியவர் எங்கள் கல்லூரிப் பேராசிரியை, பேரம் பேசும் கலையில் நிபுணர், மூன்று புத்தகம் எழுதியிருக்கிறார். ஜன்னல் உள்ள அறை வேண்டும் என்று கேட்டு வாங்கப் போனவர், இருந்த அறையையும் விட்டுக்கொடுத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். கடைசி வரி விளம்பரத் துறைக்காரர். நேர மேலாண்மைப் பேராசிரியரும் உதவுவதாகச் சொன்னார். கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு வந்தார்.

பிழைப்பு விஷயம் என்பதால்தான் ஊரைக் கூட்டினேன். முழுப் பேராசிரியர் பதவிக்கு ஏப்ரல் இருபதாம் தேதி நேர்காணல். பத்தொன்பது வருஷமாக இணைப் பேராசிரியராகவே இருக்கிறேன். என்னிடம் படித்தவன் ஒருவன் எனக்கு முன்னால் முழுப் பேராசிரியராகி, தாழ்வாரத்தில் "எப்படி சார் இருக்கீங்க" என்று கேட்டுவிட்டுப் போகிறான். விண்ணப்பத்தில் அந்தக் கேஸை அச்சில் வந்ததாகவே போட்டுவிட்டேன். உன் கையெழுத்து ஏப்ரல் பதினைந்தாம் தேதிக்குள் வராவிட்டால் அது பொய்யாகிவிடும். பொய் சொன்னவன் என்று ஆனால் பதவி இருக்கட்டும், இருக்கிற நாற்காலியும் ஆடும்.

மீசையை எடுத்துவிட்டேன். வயதைக் குறைத்துவிட்டேன். பல்செட்டிலிருந்து மாத்திரை வரை சேர்த்துவிட்டேன்.

கோட் மட்டும் வேண்டாம் அக்கா, காலில் விழுகிறேன். நான் நடத்தும் பாடம் என்ன தெரியுமா? எந்த வேலையை எந்த வரிசையில் செய்தால் சேதமில்லாமல் சீக்கிரம் முடியும் என்பது. அதில்தான் டாக்டர் பட்டம். அந்த ஆள் துணி தேய்க்கிற வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டே கோட்டை எரித்தான் என்று எழுபது பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? அப்பா என்னைக் கடையை விட்டு அனுப்பிய அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. முப்பது வருஷம் ஆயிற்று. அப்பாவும் போன பிறகு, உன்னையும் என்னையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

தம்பி

பி.கு. அந்த இரண்டு பேரில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான், பக்கத்தில் இருந்தவன் இடித்ததில் கை தானாக மேலே போனது. இன்னொருத்தியின் அப்பா செருப்புக்கடை வைத்திருக்கிறார்.


மார்ச் 22

தம்பிக்கு,

செருப்புக்கடைக்காரர் மகள் நன்றாக இருக்கட்டும். தூங்கியவனும்தான், அவனுக்கும் என் அன்பு உண்டு.

யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சிரிப்பு ஒரு பக்கம், பாவமாகவும் இருந்தது. சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கோட் இருக்கிறது.

பின்னறையில், பாய்லருக்கு இந்தப் பக்கம், பாலிதீன் உறை போட்டு ஹேங்கரில் தொங்குகிறது. முதுகில் இஸ்திரிப்பெட்டி அளவுக்கு ஓட்டை, உன் அழகான கைவேலை. அந்த மேனேஜருக்கு அப்பா வேறு கோட் தைத்துக் கொடுத்துவிட்டு இதை வாங்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கடையில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் முதல் வேலை அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்பதுதான். அப்பா இருந்தவரை அவர் சொல்வார். இப்போது நான் சொல்கிறேன். இதுவரை முப்பத்தொரு பேர் நின்று கேட்டிருக்கிறார்கள். இஸ்திரிக்காரர் கேட்டிருக்கிறார். என் மகள் கேட்டிருக்கிறாள், நீ வரும்போதெல்லாம் அவள் உன்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பதற்குக் காரணம் அதுதான். பாய்லர் ரிப்பேருக்கு வந்தவர்கூடத் தானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

நீ கல்லூரியில் பத்தொன்பது வருஷமாகத்தான் பாடம் நடத்துகிறாய். இந்தக் கடையில் முப்பது வருஷமாகப் பாடமாகவே தொங்கிக்கொண்டிருக்கிறாய்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

இது அநியாயம்.

முப்பது வருஷமாக என் மானத்தை ஹேங்கரில் மாட்டி வைத்திருக்கிறீர்கள்! முப்பத்தொரு பேர்! பாய்லர்காரர்! போன விடுமுறையில் இஸ்திரிக்காரர் என்னிடம் "பெட்டி சூடா இருக்கு, தள்ளி உக்காருங்க" என்று அக்கறையாகச் சொன்னபோது எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். இப்போது புரிகிறது.

ஒருவனைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அவன் பக்கத்து நியாயம் என்ன என்று விசாரிக்க வேண்டாமா? எனக்குத் தெரியாமல், என் சம்மதம் இல்லாமல்...

இந்த வரியை எழுதிவிட்டு இருபது நிமிடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்லப் போகிறாய் என்று தெரியும். சொல்லித் தொலை.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

சொல்லத்தான் போகிறேன். இத்துடன் ஒரு படிவம் இணைத்திருக்கிறேன், உன் படிவத்தைப் பார்த்து மகள் எழுதியது. "கோட்டை எரித்தவன் ஆகிய நான், என் கதையைக் கடையில் பாடமாகச் சொல்ல மனமாரச் சம்மதிக்கிறேன்." கையெழுத்திடும் இடத்தில் பெருக்கல் குறி இருக்கிறது.

விளையாட்டு போகட்டும். உனக்குப் பாதிக் கதைதான் தெரியும், அதனால்தான் காது சுடுகிறது. மீதியைக் கேள்.

அன்று எந்தத் துணியை முதலில் தேய்க்க வேண்டும் என்று எனக்கு விரலை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாய். புகை வந்தது. நான் பயந்துபோய், "மடிச்சு அடியில வச்சுடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். நினைவிருக்கிறதா? மறைக்கச் சொன்னவள் நான்தான். நீ கேட்கவில்லை. கோட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கடையில் நாலு பேர் நிற்கும்போதே நேராக அப்பாவிடம் போய், "நான்தாம்ப்பா எரிச்சிட்டேன்" என்று நீட்டினாய்.

புதிதாக வருகிறவர்களை நிறுத்தி வைத்து அப்பா சொன்னது அதைத்தான். "துணின்னா ஒருநாள் எரியும். எரிஞ்சா மறைக்காதீங்க, எம் புள்ள மாதிரி கையில எடுத்துட்டு வந்து காட்டுங்க. காட்டினவனை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உன்னைக் கடையை விட்டு அனுப்பியது கோபத்தில் இல்லை. "வாய் ஓடும்போது அவனுக்குக் கை நின்னு போகுது. வாய் ஓடுற வேலைக்கே அனுப்பிடலாம்" என்றார். தேடி அலைந்து கல்லூரி விண்ணப்பத்தை வாங்கி வந்ததும் அவர்தான்.

கேட்டாயா? பத்தொன்பது வயதில் எரிந்த கோட்டைத் தூக்கிக்கொண்டு நேராக வந்தவன், நாற்பத்தொன்பது வயதில் நாலு தாளை என்னிடம் காட்டாமல் மறைத்துவிட்டாய். மாற்றத்தை எதிர்ப்பவள் என்று எழுதியதுகூட எனக்குப் பெரிதில்லை, ஓரளவு உண்மைதான். மறைத்தாய் பார், அதுதான் வலித்தது.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

பத்து நாள் பதில் போடவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் அப்பா சொன்ன அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். இத்தனை வருஷமும் அவர் என்னைத் துரத்திவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். அதனால்தான் ஊருக்கு வந்தாலும் பின்னறைப் பக்கம் போனதில்லை. போயிருந்தால் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பேன்.

முதல் காரியமாகத் துறைத் தலைவரிடம் போனேன். "விண்ணப்பத்துல அச்சில் வந்ததுன்னு போட்டிருக்கேன் சார், இன்னும் வரல. நான்தான் தப்பா போட்டுட்டேன்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். "சரி, அந்த வரியைத் திருத்திக் குடுங்க. இதை வந்து சொல்ற முதல் ஆள் நீங்கதான்" என்றார். பதவி கிடைக்குமா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் கேஸை முதலிலிருந்து எழுதினேன். பெஞ்சையும் எழுதினேன், காபியையும் எழுதினேன், கோட்டையும் எழுதினேன். நேற்று அதே எழுபது பேருக்கு நடத்தினேன்.

கோட் பத்தி வந்ததும் வகுப்பே சிரித்தது. ஒருத்தன் எழுந்து, "சார், அந்தத் தம்பி இப்ப என்ன பண்றார்?" என்று கேட்டான். அடையாளத்தை மறைப்பது வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "உங்க முன்னாடிதான் நின்னுட்டிருக்கார்" என்றேன். அப்புறம் செருப்புக்கடைக்காரர் மகள் கை தட்டினாள். தூங்குகிறவன் எழுந்துவிட்டான்.

ஓட்டெடுப்பின் முடிவு: முதலாளியை மாற்று, 9. ஒன்றும் செய்யாதே, 40. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை மாற்று, 21. இந்தக் கடையின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த நிர்வாக முடிவு எது என்றும் கேட்டேன். இளைய மகனைக் கடையை விட்டு அனுப்பியது என்று அறுபத்தாறு பேர் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

வகுப்பு முடிந்ததும் ஒருத்தன் தயங்கித் தயங்கி வந்தான். "சார், அந்த பேப்பரை நான் எங்க ஊர் லாண்டரியில..." என்றான். தெரியும் என்றேன். வேலை கிடைத்துவிட்டதாம். கைமடிப்பில் இருந்த மை எப்படிப் போயிற்று என்று இன்னும் ஆச்சரியப்படுகிறான்.

உன் படிவத்தில் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்புகிறேன். என் படிவத்தை இந்தமுறை வைக்கவில்லை. புதிதாக எழுதியதை மட்டும் வைத்திருக்கிறேன், படித்துப் பார். பிடிக்கவில்லை என்றால் கேஸை எடுத்துவிடுகிறேன். அது இல்லாமலே இருபதாம் தேதி போய் உட்காருகிறேன், வருவது வரட்டும்.

ஒரே ஓர் ஆசை. அந்தக் கோட்டை எனக்குத் தருவாயா? வகுப்பறையில் மாட்டி வைத்துக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

நலமா? நாங்கள் எல்லோரும் நலம்.

படித்தேன். மகள் உரக்கப் படிக்க, இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து கேட்டார். காபி வரும் இடத்தில் நான் உள்ளே போய்விட்டேன். பாய்லரைப் பார்க்கத்தான்.

நீ முதலில் அனுப்பிய படிவத்தை மேசைக்குக் கீழே வைக்கவில்லை. கல்லாப்பெட்டியில்தான் இருந்தது. நீ பெருக்கல் குறி போட்ட இடத்திலேயே கையெழுத்திட்டு, விரைவுத் தபாலில் இத்துடன் அனுப்புகிறேன். பதினைந்துக்குள் கிடைத்துவிடும். இருபதாம் தேதிக்கு உன்னிடம் இருக்கிற சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு போ. போவதற்கு முன் பைகளைப் பார்.

பதவி கிடைத்தாலும் வா, கிடைக்காவிட்டாலும் வா.

கோட்டைத் தரமாட்டேன். அது கடைச் சொத்து. மே மாதம் முதல் தேதி இரண்டு பெண்கள் புதிதாக வேலைக்குச் சேருகிறார்கள். முப்பது வருஷமாக எல்லோரும் அடுத்தவர் சொல்லித்தான் அந்தக் கதையைக் கேட்கிறார்கள், இவர்களாவது ஒருமுறை எரித்தவன் வாயாலேயே கேட்கட்டும். அன்று காலை நீயே வந்து பின்னறையில் நின்று பாடம் நடத்து.

நாலு நிமிஷம் பதினைந்து நொடிக்குள் முடித்துவிட வேண்டும். நான் பெஞ்சில் உட்கார்ந்து நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா